கம்ப்யூட்டருக்குக் காய்ச்சல்

எங்கள் சிங்கப்பெருமாள் கோவில் நரசிம்மருக்கு நெற்றியில் மூன்றாவது கண் உண்டு. குடைவரைச் சந்நிதியில் அர்ச்சகர் திருமண்ணைச் சற்று விலக்கித் தீபம் காட்டும்போது அதைச் சேவிக்கலாம். உக்கிரத்துக்கு அதுவே அடையாளம் என்பார்கள். சென்ற பங்குனியில் அந்த உக்கிரம் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் வந்துவிட்டது.

பரீட்சை மார்க்குகளைப் பதிந்துகொண்டிருந்தேன். யந்திரம் நத்தையாய் ஊர்ந்தது. அப்புறம் பொட்டென்று அணைந்தது. இரண்டு மணி நேர உழைப்பு போயிற்று! "சோம்பேறி யந்திரம்!" என்று வைதேன். ரிப்பேர்க்காரரோ, "புதிது வாங்கிவிடுங்கள், ஸார்!" என்றார். உபாத்தியாயர் சம்பளத்தில் அது லேசான காரியமா?

"காய்ச்சலா என்று முதலில் தொட்டுப் பாருங்களேன்" என்றாள் என் மனைவி.

அது வெறும் பரிகாசமல்ல என்று பிறகுதான் தெரிந்தது. கம்ப்யூட்டரின் மூளையான ப்ராஸஸருக்குள்ளேயே உஷ்ணமானி உண்டு. அது சொல்லும் கணக்கைத் திரையில் காட்டும் இலவசப் புரோகிராம்களும் உண்டு. ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். சும்மா இருக்கும்போதே 70 டிகிரி. வேலை கொடுத்தால் 100! பெரும்பாலான ப்ராஸஸர்களுக்கு ஏறக்குறைய அதுதான் எல்லை. எல்லையை நெருங்கினால் ப்ராஸஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்படியும் சூடு ஏறினால், உயிர் பிழைப்பதற்காக அணைந்துவிடும். சோம்பல் அன்று, தற்காப்பு! சென்னை ஐ.ஐ.டி.யார் 2018-ல் லினக்ஸை ஓட்டிக் காட்டிய நம் 'சக்தி' ப்ராஸஸரானாலும் சரி, சீமைச் சரக்கானாலும் சரி, உஷ்ணம் பொது விரோதி.

மின்சாரத் தொடர்பை நீக்கிப் பெட்டியைத் திறந்தேன். ஒரகடம் சாலை லாரிகள் கிளப்பிய புழுதி, விசிறியில் கம்பளிபோல் படிந்திருந்தது. ப்ராஸஸரின் சூட்டை மேலே உள்ள அலுமினியத் தகட்டுக்குக் கடத்தும் பசை காய்ந்து பொருக்காகியிருந்தது. புழுதியைத் துடைத்து, புதிய பசையைப் பட்டாணியளவு வைத்தேன். அதன் பிறகு எத்தனை வேலை கொடுத்தும் 75 டிகிரியைத் தாண்டவில்லை. செலவு, சில நூறு ரூபாய்.

மறுநாள் வகுப்பில் வழக்கம்போல் ஒரு பையன் தூங்கி விழுந்தான். "சோம்பேறி" என்ற சொல் நாக்கு நுனி வரையில் வந்து நின்றுவிட்டது. அருகே அழைத்து விசாரித்தேன். தகப்பனாருக்குத் தொழிற்சாலையில் இரண்டாவது ஷிப்ட்; கம்பெனி பஸ் நள்ளிரவுக்குப் பிறகுதான் வருகிறது. தாயில்லாத வீடு. சோற்றைச் சுட வைத்துக் கதவைத் திறக்க அவன்தான் விழித்திருக்க வேண்டும்.

ஆறு மாதமாக அவனைப் பெஞ்சியின்மேல் நிற்க வைத்தவன் நான். யந்திரத்தின் சூட்டை ஒரே நாளில் அளந்துவிட்ட எனக்கு, அவனை ஒரு வார்த்தை கேட்க ஆறு மாதம் ஆயிற்று.