துப்பாக்கி கோணல்

மெரினாவில் பலூன் சுட்டிருக்கிறீர்களா? அந்த ஸ்டால்காரர் கொடுக்கும் துப்பாக்கிக்கு ஒரு பெரிய நற்குணம் உண்டு. நாம் குறி தவறினால் பழியை அது ஏற்றுக்கொள்ளும். 'குழல் வளைஞ்சிருக்குய்யா' என்று சொல்லிவிட்டு, மானத்தோடு சுண்டல் வாங்கப் போய்விடலாம்.

நான் ஆரம்பித்தது அங்கேதான். பத்துக்கு எட்டு பலூன். கூட வந்த நண்பன், 'நீ ஒலிம்பிக்ஸ் போக வேண்டியவன்டா' என்று சொல்லித் தொலைத்தான். அவனுக்கு அது போகிற போக்கில் சொன்ன வார்த்தை. எனக்கு வேதவாக்கு. அடுத்த மாதமே ஒரு ரைஃபிள் கிளப்பில் சேர்ந்துவிட்டேன்.

அங்கே பலூன் கிடையாது. 10 மீட்டர் தூரத்தில் ஒரு கறுப்பு வட்டம். அதன் நடுவில் பத்து மார்க் என்பது அரை மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு புள்ளி. குண்டோ நாலரை மில்லிமீட்டர்! குண்டைவிடச் சின்னதைப் பார்த்துக் குண்டை அனுப்ப வேண்டும். 75 நிமிடத்தில் 60 குண்டு. தசமக் கணக்கில் ஒரு குண்டுக்கு அதிகபட்சம் 10.9, ஆக மொத்தம் 654. ஒலிம்பிக் ஃபைனலுக்குள் நுழைகிறவர்கள் 630-ஐ ஒட்டி அடிக்கிறார்கள். ஐயா ஒரு வருடம் கிளப் துப்பாக்கியில் மாங்கு மாங்கென்று சுட்டு 571-ல் வந்து நின்றேன். நின்றேன் என்றால் நின்றேன். பழைய லாரி மேட்டில் நிற்குமே, அந்த மாதிரி.

உடனே எனக்குத் தெரிந்துபோயிற்று, துப்பாக்கி சரியில்லை.

'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. எனக்கு இது பரம்பரை வியாதி... இல்லை, படிப்பு வழி வந்த வியாதி. பி.காம். முதல் வருடம் அக்கவுண்டன்ஸியில் கவிழ்ந்தபோது கால்குலேட்டரை மாற்றினேன். இரண்டாம் வருடம் பேனாவை மாற்றினேன். 'பேலன்ஸ் ஷீட் டாலி ஆகாததுக்கு பேனா என்னடா பண்ணும்?' என்றார் அப்பா. அவருக்கு நிப்பின் அருமை தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கிளப்பில் 14 வயதுப் பெண் ஒருத்தி இருக்கிறாள். என்னை 'அங்கிள்' என்பாள் (முப்பத்தைந்து வயதில் இது கொஞ்சம் வலிக்கும்). காலையில் அவள் சுடுகிற அதே கிளப் துப்பாக்கியில்தான் மாலையில் நான் சுடுவேன். அவள் 600-ஐத் தாண்டிக்கொண்டிருந்தாள். இதற்கும் என்னிடம் விளக்கம் இருந்தது. சின்னப் பிள்ளைகளுக்குக் கை நடுங்காது, வீட்டுக் கடன் கிடையாது!

இந்த நேரம் பார்த்து, ஜெர்மன் தயாரிப்பு மேட்ச் ரைஃபிள் ஒன்று செகண்ட் ஹாண்டில் வந்தது. விலை 1,10,000 ரூபாய். வீட்டில் என் மனைவி எடுத்த ஏலச்சீட்டுப் பணம் இருந்தது. ஃபிரிட்ஜ் மாற்றுவதற்கு என்று மூன்று வருடம் கட்டிய சீட்டு. எங்கள் ஃபிரிட்ஜின் கதவு தானாகத் திறந்துகொள்ளும், அதை நைலான் கயிற்றால் கட்டி வைத்திருந்தோம். 'நாற்பதாயிரம்தான் எடுக்கறேன், மீதியில ஃபிரிட்ஜ் வாங்கிடலாம்' என்றேன் அவளிடம்.

நாற்பது என்றேன். அவளும் நம்பினாள். எழுத வேண்டிய இடத்தில் எழுதித்தானே ஆக வேண்டும்.

புதுத் துப்பாக்கியோடு முதல் மேட்ச், 579! எட்டு மார்க் ஏற்றம். கிளப்பில் எல்லோருக்கும் சமோசா வாங்கிக் கொடுத்தேன். அடுத்த வாரம் 570. அதற்கடுத்த வாரம் 573. மூன்றையும் கூட்டிச் சராசரி எடுத்தால் 574. அதாவது மூன்று மார்க் லாபம், மார்க்குக்கு 36,667 ரூபாய் அடக்கவிலை. காஸ்ட் அக்கவுண்டிங் படித்த பாவம், கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை.

கோச்சிடம் போய் நின்றேன். 'பெட்டியில ஒரு அட்டை இருக்குமே சார், பாத்தீங்களா?' என்றார். இருந்தது. இந்த வகைத் துப்பாக்கிகளைத் தொழிற்சாலையில் ஒரு பிடிப்பானில் அசையாமல் இறுக்கி, ஐந்து குண்டு சுட்டு, அந்த அட்டையையும் பெட்டியோடு அனுப்புவார்களாம். ஐந்து குண்டு போன இடத்தில் ஒரே ஓட்டை. குண்டைவிடத் துளி பெரிதாக, அவ்வளவுதான். நான் பெருமையாக நிமிர்ந்தேன்.

கோச் தன் மேஜை டிராயரைத் திறந்து, பழுப்பேறிய ஓர் அட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். கிளப் துப்பாக்கியோடு வந்தது. அதிலும் ஒரே ஓட்டை.

'அதுவும் ஒரே ஓட்டைதான், இதுவும் ஒரே ஓட்டைதான். நடுவுல நீங்க வர்றீங்க சார், அப்பத்தான் அறுபது ஓட்டையாகுது.'

அன்று ராத்திரி இன்னொரு விபத்து. பெட்டியைத் துடைக்கிறேன் என்று திறந்த என் மனைவி, விற்றவர் எழுதிக் கொடுத்த ரசீதைப் பார்த்துவிட்டாள். சண்டை போட்டிருந்தால் தேவலை. மூன்று நாள் பேச்சே இல்லை. நாலாம் நாள் சாதம் போடும்போது ஒரே ஒரு வாக்கியம். 'பொய் சொல்லி வாங்கினீங்க. சுடறதையாவது நேரா சுடுங்க.'

கருவி முக்கியமே இல்லையா என்றால், அப்படியும் அடித்துச் சொல்ல முடியாது. 2008 பெய்ஜிங்கில் ஃபைனலுக்கு முன்னால் அபினவ் பிந்த்ரா பதம் பார்க்கச் சுட்ட குண்டு 4-ல் போய் விழுந்தது. யாரோ கைவைத்தது போல அவருடைய துப்பாக்கியின் சைட் மாறிக் கிடந்தது. கிடைத்த சில நிமிடங்களில் அதைத் திருகித் திருகிச் சரிசெய்து, ஃபைனலின் முதல் குண்டை 10.7-ல் போட்டு, தங்கத்தோடு வந்தார். அதே மனிதருக்கு 2016 ரியோவில் ஃபைனலுக்கு முன் சைட் உடைந்தது. நான்காவது இடம். டோக்கியோவில் 2021-ல் மனு பாக்கரின் பிஸ்டலில் லீவர் உடைந்து, நிமிடங்கள் கரைந்து, ஃபைனல் வாய்ப்பும் போயிற்று. கெட்டுப்போன கருவி ஆளைக் கவிழ்க்கும், சந்தேகமில்லை. ஆனால் நல்லதாக இருக்கிற ஒன்றை இன்னும் நல்லதாக மாற்றினால் என்ன கிடைக்கும்? என் மூன்று மார்க் மாதிரி ஏதாவது கிடைக்கும்.

எனக்குப் பிடித்தது அமெரிக்காவின் மேத்யூ எம்மன்ஸ் கதை. 2004-ல் ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்கான தேர்வு நெருங்கும் சமயம், அவருடைய துப்பாக்கியை யாரோ சேதப்படுத்திவிட்டார்கள். கல்லூரி அணித் தோழி ஒருவரிடம் இரவல் வாங்கினார். அந்த இரவல் துப்பாக்கியில் 50 மீட்டர் படுத்துச் சுடும் போட்டியில் தங்கம்! பேஷ் என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். இரண்டு நாள் கழித்து மூன்று நிலைப் போட்டி. முன்னணியில் இருக்கிறார், ஒரே ஒரு குண்டு பாக்கி. நிதானமாகச் சுட்டார். இலக்கில் ஒன்றும் பதியவில்லை. என்ன ஆயிற்று என்று பார்த்தால், பக்கத்து ஆளின் இலக்கில் 8.1 பதிவாகியிருந்தது! அடுத்தவன் வீட்டுக் கதவைத் தட்டிய கதை. தங்கத்திலிருந்து எட்டாம் இடத்துக்குச் சரிந்தார். இதைத் தடுக்க எந்த நாட்டுத் துப்பாக்கியை வாங்குவது?

கோச் முதலில் செய்தது ஒரு சின்ன வேலை. தோளில் பதிகிற பட் பிளேட்டை ஒரு ஸ்பேனரால் தளர்த்தி இரண்டு விரற்கடை இறக்கினார், கன்னம் வைக்கிற கட்டையைக் கொஞ்சம் ஏற்றினார். பத்து நிமிடம், செலவு பூஜ்யம். ஒரு வருடமாக நான் கழுத்தை ஒட்டகம் மாதிரி நீட்டிச் சுட்டுக்கொண்டிருந்தேனாம். அத்தனை நாள் பயிற்சியும் தப்பையே மனப்பாடம் செய்த பயிற்சி. 'கிளப் துப்பாக்கியிலயும் இதைத் திருகலாமே சார், ஏன் முன்னாடியே சொல்லலை?' என்றேன். 'சொன்னேன். நீங்க துப்பாக்கி விலை விசாரிச்சிட்டிருந்தீங்க.'

அப்புறம் தண்டனை. மூன்று மாதம், தினம் அரைமணி நேரம் வீட்டில் குண்டே போடாமல் சுட வேண்டும். டிரை ஃபயரிங் என்று பெயர். கிட்டத்தட்ட ஐந்து கிலோ கனம். அதைத் தசையால் தூக்காமல் எலும்பின் மேல் நிறுத்தி, பாதி மூச்சை விட்டு, மீதியை நிறுத்தி, விசையை அழுத்திய பிறகும் அசையாமல் நிற்க வேண்டும். சைட் வழியாகப் பார்த்தால் உங்கள் இதயத் துடிப்பே தெரியும். நாம் உயிரோடிருப்பதே இடைஞ்சல் என்று தோன்றும்.

10 மீட்டரில் 30.5 மில்லிமீட்டர் கறுப்பு வட்டம் என்றால், எங்கள் ஹாலின் மூன்று மீட்டரில் ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் வேண்டும். பேனாவால் சுவரில் வட்டம் போட முயன்றுகொண்டிருந்தேன். (மறுபடி பேனா!) சமையலறையிலிருந்து வந்த என் மனைவி, ஸ்டிக்கர் பொட்டு அட்டையிலிருந்து கறுப்புப் பொட்டு ஒன்றை உரித்துச் சுவரில் ஒட்டினாள். அளந்து பார்த்தேன், சரியாக 9. 'இதாவது ஒரு ரூபாயில முடிஞ்சுது' என்றாள்.

பால்காரர் முதல் இரண்டு நாள் பயந்து கேட்டிலேயே பாக்கெட்டை வைத்துவிட்டுப் போனார். பிறகு பழகிவிட்டது. எனக்குத்தான் பழக நாளாயிற்று. குண்டு போனால் ஓட்டை தெரியும், மார்க் தெரியும், ஒரு சுவாரசியம் இருக்கும். பொட்டுக்கு ஒன்றும் ஆகாது. 'டிக்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தின்போது முனை எந்தப் பக்கம் ஓடியது என்பது எனக்கு மட்டும் தெரியும். எப்போதும் வலது கீழ். விசையை அழுத்தாமல் பறித்துக்கொண்டிருந்தேன். நாற்பது நாளைக்குப் பிறகுதான் ஓட்டம் நின்றது.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கிளப் துப்பாக்கியே கையில் இருந்திருந்தால் அந்த நாற்பது நாள் நின்றிருப்பேனா? சந்தேகம்தான். திட்டுவதற்கு வேறு எதுவும் மிச்சமில்லாததால் நின்றேன்.

போன மாதம் மேட்ச். 598. துப்பாக்கியை விற்று ஃபிரிட்ஜ் வாங்கிவிடலாம் என்று பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்துகொண்டு, வீட்டில் சொன்னேன். அவள் ஃபிரிட்ஜ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே கேட்டாள்.

'அந்தப் பொண்ணு எவ்ளோ?'

'617.'

'எதுல?'

'கிளப் துப்பாக்கியிலதான்.'

மோர்ச் சொம்பை எடுத்தாள். கயிற்றைத் திரும்பக் கட்டினாள். ஹாலுக்குப் போனவள், 'பொட்டு கீழ விழுந்து கிடக்கு பாருங்க' என்று சொல்லிவிட்டு, அட்டையிலிருந்து புதுசு ஒன்றை உரித்தாள்.