ஊற விடுதல்

பூச்சி அடித்த காரைக் கழுவுவது பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். எங்களுக்கு இருக்கிறது.

பென்ரோஸில் பட்டறைகளுக்கும் களஞ்சியங்களுக்கும் நடுவே மிஞ்சி நிற்கும் ஒரு பழைய பலகை வீட்டில் நாங்கள் நான்கு பேர் இருக்கிறோம். நால்வருக்கும் றெஸ்ரோறன்ற் குசினியில் வேலை. நால்வருக்கும் சேர்த்து ஒரு கார். கறுப்பு நிற ரொயோட்டா. எங்களைப் போலவே அதுவும் வேறொரு நாட்டில் பாதி வாழ்க்கையை முடித்துவிட்டு வந்தது. சீட்டுக் கட்டி எடுத்த காசில் வாங்கினோம்.

எங்களில் மூத்தவருடைய மனைவியும் மகளும் இங்கே வருவதற்கான அலுவல்கள் நடந்துகொண்டிருக்கின்றன. அவர்கள் வந்திறங்கும்போது காரை விற்பது, எங்கள் பங்கையும் அவருக்குக் கைமாற்றாகக் கொடுப்பது என்று பேசி வைத்திருக்கிறோம். தனி வீடு எடுப்பதானால் நான்கு கிழமை வாடகை வரை முற்பணம் கேட்பார்கள். கார் வாங்க வருகிறவன் முதலில் பார்ப்பது எஞ்சினை அல்ல, பொனற்றை. ஆகவே அந்தக் கறுப்பு மினுக்கம் எங்களுக்கு அழகு அல்ல, காசு.

சனி, ஞாயிறுகளில் கலியாண வீடுகளுக்குச் சாப்பாடு ஏற்றிக்கொண்டு ஹமில்ரனுக்குப் போவோம். எங்கள் வீட்டுக்குப் பக்கத்தால் போகும் கிறேற் சவுத் றோட், 1860களில் ஆளுநர் ஜோர்ஜ் கிறேயின் உத்தரவில் படையினர் வெட்டிய வீதி. 1863 யூலையில் வைக்காட்டோ மாவோரி மக்கள்மீது படையெடுப்பு நடந்தபோது படைகளும் அவற்றுக்கு வேண்டிய பொருட்களும் இதன் வழியாகப் போயின. பின்னர் அவர்களுடைய நிலங்கள் பறிமுதல் செய்யப்பட்டன. ஏ9 பாதையில் வளர்ந்த எங்களுக்கு இது விளங்குவதற்கு அதிக நேரம் எடுக்கவில்லை. இப்போது அதே திசையில் பெருந்தெரு ஓடுகிறது. பம்பாய் மலையைத் தாண்டி இறங்கினால் வைக்காட்டோ ஆறு, வங்கமறினோ சதுப்பு நிலம், பால் பண்ணைகளின் புல்வெளிகள். டிசம்பரிலிருந்து மார்ச் வரை, இருட்டுப்படும் நேரத்தில், மணிக்கு நூறு கிலோமீற்றர் வேகத்தில் இவற்றைக் கடந்து வந்தால் காரின் முன்பக்கம் முழுவதும் விட்டில்களும் கொசுக்களும் பெயர் தெரியாத பச்சைப் பூச்சிகளும் அப்பிக் கிடக்கும்.

பல்கலைக்கழகத்தில் நாங்கள் இரண்டாம் வருடத்தோடு விட்டு வந்த இரசாயனம் இந்த இடத்தில் கொஞ்சம் உதவுகிறது. பூச்சியின் ஓடு கைற்றின் என்ற பொருளால் ஆனது. நாங்கள் தினமும் உரிக்கும் இறால் கோதிலும் நண்டுக் கோதிலும் இருப்பது அதுதான். உள்ளே இருப்பது புரதமும் அமிலத்தன்மையுள்ள சாறும். அது புதிதாக இருக்கும்போது வெறும் அழுக்கு. வெயிலில் காய்ந்தால் பிசின். ஓரிரு நாள் விட்டால் வர்ணத்துக்கு மேலே உள்ள நிறமற்ற வார்னிஷை அரிக்கத் தொடங்குகிறது. அந்த வார்னிஷின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரில் இருபதில் ஒரு பங்கு அளவுதான். அதற்குள் இறங்கிய கறையைச் சவர்க்காரம் எடுக்காது. இந்த நாட்டு வெயிலும் சாதாரண வெயில் அல்ல. கோடையில் இங்கே விழும் புறஊதாக் கதிர், வட அரைக்கோளத்தில் இதே அகலக்கோட்டிலுள்ள இடங்களைவிட நாற்பது வீதம் வரை அதிகம். கறுப்புக் காரின் பொனற் மத்தியானத்தில் தோசைக்கல்.

முட்டை பொரித்த தாச்சியைக் கழுவியவனுக்கு மிச்சத்தைச் சொல்லத் தேவையில்லை. கொதிநீர் ஊற்றினால் முட்டை இன்னும் இறுகும். சுரண்டினால் தாச்சி பழுதாகும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவிட்டால் தானாகக் கழன்று வரும். காருக்கும் அதே முறைதான். நிழலில் விட்டு, பொனற் ஆறியபின் தண்ணீரைத் தாராளமாக ஊற்றவேண்டும். கார் கழுவும் சவர்க்காரம் கலந்த இளஞ்சூட்டு நீரில் நனைத்த பழைய துவாயை மேலே விரித்து, காயாமல் நனைத்து நனைத்துப் பத்து நிமிடம் விடவேண்டும். பிறகு மெல்லிய மைக்ரோபைபர் துணியால் பாரம் கொடுக்காமல் வழித்தெடுக்கவேண்டும். வராவிட்டால் இன்னொரு பத்து நிமிடம். துணியை அலச வேறு வாளி. அழுக்கு வாளியிலேயே அலசினால், பூச்சி போய் மணல் கீறும்.

குசினியில் எங்களுக்குக் கைகொடுக்கும் சாமான்கள் இங்கே எதிரிகள். பச்சை உரஞ்சியில் உராயும் துகள் இருக்கிறது. அது சட்டிக்கு மட்டும். கோப்பை கழுவும் திரவம் எண்ணெயோடு காரின் மெழுகையும் கொண்டுபோய்விடும். கோப்பை கழுவும் மெசினுக்கு ஊற்றுவது கடுங்காரம். அதைக் காரின் பக்கமே கொண்டுபோகக் கூடாது. கழுவிய தண்ணீரையும் வீதிக் கானுக்குள் விடுவது சரியில்லை. மழைநீர்க் கானில் போவது சுத்திகரிக்கப்படாமல் மனுக்காவ் கடலுக்குத்தான் போகிறது. ஆகவே புல்லின்மேல் நிறுத்திக் கழுவுகிறோம்.

எங்கள் மூத்தவருக்கு முதலில் இதிலெல்லாம் நம்பிக்கை இருக்கவில்லை. “மண்ணெண்ணெய்த் துணியாலை ஒரு இழுவை இழுத்தால் சரி தம்பி” என்பார். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்து மொறிஸ் மைனர்கள் சொட்டுப் பெற்றோலில் எழும்பி மண்ணெண்ணெயில் ஓடியதை நாங்களும் சிறுவர்களாகப் பார்த்திருக்கிறோம். அப்போது மண்ணெண்ணெயால் கார் துடைக்க ஒருவருக்கும் மனம் வந்திராது. தாரையும் பிசினையும் அது கரைக்கும் என்பது உண்மைதான். ஆனால் பாதுகாப்புக்குப் பூசிய மெழுகையும் கரைத்துவிடும்.

அந்த மெழுகுதான் விசயம். பூச்சி அடித்தபின் செய்வதைவிட அடிக்குமுன் செய்வது பெரிது. கழுவிக் காய்ந்த காரில் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மெழுகு பூசினால் பூச்சி வார்னிஷில் ஒட்டாமல் மெழுகில் ஒட்டும், சுகமாகக் கழரும். நல்ல மெழுகு என்று விற்கப்படும் கர்னோபா, பிரேசிலில் வளரும் ஒரு பனையின் ஓலையிலிருந்து எடுப்பது. இதைக் கேட்டபின் மூத்தவர் மறுபேச்சுப் பேசவில்லை. “பனையெண்டால் பிழைக்காது” என்று தானே தகரத்தைத் திறந்தார். கூடக் காசுள்ளவர்கள் செரமிக் பூச்சோ, முன்பக்கத்துக்கு ஒளிபுகும் பிளாஸ்ரிக் படலமோ போடுகிறார்கள். எங்களுக்கு ஓலை மெழுகு போதும்.

இரவு ஒரு மணிக்கு ஹமில்ரனிலிருந்து திரும்பி, வெற்று அண்டாக்களை இறக்கியபின், வாளி தூக்க யாருக்கும் மனம் வராது. “அண்ணை, விடியப் பாப்பமே?” என்போம். “விடிஞ்சால் வெயில், தம்பி” என்பார் அவர். துவாயை விரித்துவிட்டு உள்ளே வந்து தேத்தண்ணி ஊற்றுவார். குடித்து முடிய ஊறிவிடும்.

அப்படி ஒரு நாள் தேத்தண்ணியோடு வன்னியைப் பற்றிக் கதை வந்தது. மழை விட்ட இரவுகளில் ஈசல் புகையாக எழும்பி விளக்கை மூடுவது. பிறகு, வானில் இரைச்சல் கேட்கும் என்ற பயத்தில் விளக்கை அணைத்துவிட்டு ஊர்ந்த ட்றக்ரர்கள், பெட்டியில் சாமான்களோடு சாமானாக நாங்கள். வெளிச்சமும் வேகமும் இல்லாத வாகனத்தில் பூச்சி அடிபடுவதில்லை. அந்த வாகனங்களைத் துடைக்க ஒன்றும் இருந்ததில்லை.

பூச்சி அடிபடாத கண்ணாடி இப்போது வேறு நாடுகளில் வேறு காரணத்தால் வருகிறது. ஜெர்மனியில் பாதுகாக்கப்பட்ட இடங்களிலேயே 27 ஆண்டுகளில் பறக்கும் பூச்சிகளின் மொத்த நிறை 75 வீதத்துக்கு மேல் குறைந்துவிட்டதாக 2017இல் வந்த ஆய்வு சொல்கிறது. டென்மார்க்கில் 1997 முதல் 2017 வரை இரண்டு வீதிகளில் கார் ஓட்டிக் கண்ணாடியில் அடிபட்டவற்றை எண்ணியிருக்கிறார்கள். ஒன்றில் 80 வீதம் வீழ்ச்சி, மற்றதில் அதைவிட அதிகம். அந்த நாடுகளில் நீண்டகாலமாக இருக்கும் எங்கள் ஆட்களுக்கு இது அறிக்கை படிக்காமலே தெரிந்திருக்கலாம். முன்பு பெற்றோல் அடிக்கும் இடமெல்லாம் கண்ணாடி கழுவியது நினைவிருக்கும்.

ஆகவே வைக்காட்டோவின் பூச்சிகளை நாங்கள் திட்டுவதில்லை. அங்கே நிலம் இன்னும் உயிரோடு இருக்கிறது, நாங்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு ஓடுகிறோம். போன கிழமை ஒருவர் வந்து காரைச் சுற்றிப் பார்த்தார். பொனற்றைக் கையால் தடவிவிட்டு, எப்போது விற்பீர்கள் என்று கேட்டார். கடிதம் வரட்டும் என்றார் மூத்தவர். என்ன கடிதம் என்று அவர் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை.