பெரு நாட்டு நெத்திலி

நெத்திலி வறுவல் சாப்பிட்டிருக்கிறீர்களா? சில வீடுகளில் இதை நெத்தலி என்பார்கள். மலேசியாவில் ஈக்கான் பிலிஸ். மொறுமொறுன்னு வறுத்துக் கொடுத்தால் எனக்குக் குழம்பே வேண்டாம்!

இந்த மீனுக்குத் தென் அமெரிக்காவில் ஒரு சொந்தம் இருக்கிறது. பெரு நாட்டுக் கடலில் வாழும் அதன் பெயர் அஞ்சோவெத்தா. அந்தக் கடலில் ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலே வரும். அதில் சத்து அதிகம். அதனால் மீனுக்கு இரை நிறையக் கிடைக்கும். மீன்கள் கூட்டம் கூட்டமாகப் பெருகும். அவற்றைத் தின்னக் கடற்பறவைகள் லட்சக்கணக்கில் வரும்.

1950களில் மனிதர்கள் பெரிய வலைகளோடு வந்தார்கள். சிம்போத்தே என்ற சின்ன மீனவர் ஊர் பெரிய துறைமுகம் ஆனது. வேலை தேடி மலைகளிலிருந்து மக்கள் இறங்கி வந்தார்கள். ஊர் முழுக்க மீன் நாற்றம்! அவ்வளவு மீனையும் யார் சாப்பிட்டார்கள் தெரியுமா? கோழியும் பன்றியும்தான்! மீனை வேகவைத்து, பிழிந்து, காயவைத்து, மாவாக அரைத்து, தீவனமாக வெளிநாடுகளுக்கு அனுப்பினார்கள். எனக்கு இதை நினைத்தால் இன்னும் மனசு கேட்காது. எவ்வளவு நல்ல மீன்!

1970-இல் பிடித்த மீன் 1 கோடியே 20 லட்சம் டன்னுக்கும் மேல். "இது அதிகம், குறையுங்கள்" என்று அறிவியலாளர்கள் சொன்னார்கள். ஆனால் படகுகளும் தொழிற்சாலைகளும் ஏராளமாகப் பெருகியிருந்தன. எல்லாவற்றுக்கும் மீன் வேணுமே!

1972-இல் எல் நினோ வந்தது. கடல்நீர் சூடானது. மீன்கள் குளிர்ச்சியைத் தேடிக் கரையோரமாக நெருங்கிக் கூடின. பாவம், அங்கே அவற்றை அள்ளுவது இன்னும் சுலபம். 1973-இல் 20 லட்சம் டன்கூடக் கிடைக்கவில்லை. தொழிற்சாலைகள் மூடின. பலருக்கு வேலை போனது. பறவைகளும் பட்டினி கிடந்து செத்தன. எல் நினோ அதற்கு முன்பும் பல முறை வந்ததுதான். ஆனால் இந்த முறை முட்டையிடப் போதுமான மீன்கள் மிஞ்சவில்லை.

மீன் பழையபடி பெருகப் பல ஆண்டுகள் ஆயின. இப்போது பெருவில் மீனை அளந்து பார்க்கிறார்கள். 12 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் அது இளமீன். 2023-இல் இளமீன்களே அதிகமாக இருந்ததால், முக்கியமான கடல் பகுதியில் அந்த ஆண்டின் முதல் மீன்பிடிப் பருவத்தையே ரத்து செய்தார்கள். உங்கள் அளவுகோலை எடுத்து 12 எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அந்த நீளத்துக்குத்தான் அத்தனை பெரிய படகுகளும் காத்திருந்தன.