ஆனைக்குட்டமும் கொசுவும்

லீவுக்குப் பிள்ளைகள் வந்துவிட்டால் சாயங்காலம் ஆனைக்குட்டம் அணைப் பக்கம்தான். மே மாசம் அர்ச்சுனா நதியில் தண்ணீர் எங்கே இருக்கும்? அங்கங்கே குட்டைதான். கொசுவுக்கு அது போதும்.

நிழல் கிடைக்கிறதே என்று சீமைக்கருவேலத்து அடியில் ஜமுக்காளம் விரிக்காதீர்கள். கரை மேட்டில், காற்று அடிக்கிற இடத்தில் உட்காருங்கள். காற்றை எதிர்த்துப் பறக்கக் கொசுவுக்குத் தெம்பு கிடையாது. பிள்ளைகளுக்கு முழுக்கை, முழுக்கால் சட்டை, வெளிர் நிறத்தில்.

"வேப்பிலை மூட்டம் போடுவோமே" என்பார் மதினி. பட்டாசு ஆலைகள் சூழ்ந்த பூமி, காலடியில் காய்ந்த சருகு. எனக்குத் தீப்பெட்டியை எடுக்கவே கை வராது. ஓடோமாஸ் போதும் மதினி! அதையும் பிள்ளைகள் கையில் பிதுக்கிக் கொடுக்கக் கூடாது. அதே கையால் கண்ணைக் கசக்கும். நம் உள்ளங்கையில் எடுத்து, கணுக்கால், பின்கழுத்து விடாமல் நாமே தடவ வேண்டும். பச்சைப்பிள்ளைக்கு அதுவும் வேண்டாம், வலைதான்.

இருட்டினால்தான் கொசு என்பது பாதிக் கதை. டெங்கு பரப்பும் ஏடிஸ் பகலில் கடிக்கிறது. அதன் முட்டை தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து, அடுத்த மழையில் பொரிக்கும். மழைத் தண்ணீர் தேங்கி அது முட்டையிட இடமாகும் பிளாஸ்டிக் டம்ளரைக் கரையிலேயே வீசிவிட்டுப் போகிறவர்களோடு மதினி சண்டைக்கே போவார். அந்த விஷயத்தில் நான் அவர் கட்சி.