நிமிடத்திற்கு முப்பது பக்கம்

கடந்த மாதம் செங்கலடியில் தங்கை வீட்டில் தங்கியிருந்தபோது, மருமகன் விலைப்பட்டியல் ஒன்றுடன் வந்து அருகில் அமர்ந்தான். பதுளை வீதிச் சந்திக்கு அண்மையில் போட்டோக்கொப்பிக் கடை திறக்கப்போகின்றான். அதற்காகத் தாயின் இரண்டு சோடிக் காப்பு வங்கியில் அடகில் இருக்கின்றது. இப்போது வாங்கவேண்டியது ஒரு லேசர் பிரிண்டர்.

"இது நிமிசத்துக்கு முப்பது பக்கம், மற்றது இருபது. முப்பதுதானே நல்லம், மாமா?"

விலை வித்தியாசம் சிறியதல்ல. நான் உடனே பதில் சொல்லவில்லை. இத்தகைய எண்ணை நம்பி ஒருமுறை ஏமாந்த அனுபவம் எனக்குண்டு. தொண்ணூறுகளில் நான் பணியாற்றிய பத்திரிகை அலுவலகத்திற்கு டொட் மற்றிக்ஸ் பிரிண்டர் ஒன்று வந்தது. செக்கனுக்கு இத்தனை எழுத்து என்று பெட்டியில் பெரிதாகப் பொறித்திருந்தார்கள். அந்தக் கணக்கு, பொறிக்குள்ளேயே பதிந்திருந்த ஆங்கில எழுத்துக்கானது. தமிழை அது படமாகவே வரைந்தது. ஒரே வரியின்மேல் பலமுறை ஓடி ஒரு பக்கத்தை முடிப்பதற்குள், ஆசிரியர் தேநீர் அருந்தி முடித்துவிடுவார்.

லேசரில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால், நிமிடத்திற்கு முப்பது என்பது பொறி சூடேறியபின் தாள்கள் இடைவிடாது ஓடும் வேகம். 2009இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 24734 தரநிலை இந்த அளவீட்டை ஓரளவு ஒழுங்குபடுத்தியது உண்மையே. என்றாலும், முதல் தாள் வெளிவரும் நேரம் வேறு கணக்கு. மைத்தூளை உருக்கித் தாளில் ஒட்டும் உருளை முதலில் சூடேறவேண்டும். உறக்கநிலையில் இருந்த பொறியென்றால் இன்னும் சில செக்கன்கள் செல்லும்.

"உன்னிடம் யார் வருவார்கள்?" என்று கேட்டேன்.

பிரதேச செயலகத்திற்கு வருவோர்தான் அதிகம் என்றான். ஒருவருக்கு ஒரு விண்ணப்பப் படிவம், இன்னொருவருக்குப் பரீட்சைப் பெறுபேறு. எல்லாம் ஒவ்வொரு தாள். பட்டியலில் முதல் தாளுக்கான நேரம் இரண்டு பொறிகளுக்கும் 8 செக்கன் என்றே இருந்தது. வந்தாறுமூலையிலிருந்து ஆய்வேட்டுடன் ஓடிவரும் பல்கலைக்கழக மாணவர்களுக்கு மட்டுமே வித்தியாசம் தெரியும். 100 பக்கம் ஒன்றில் 3 நிமிடம் 20 செக்கன், மற்றதில் 5 நிமிடம். அதுவும் ஒருபக்க அச்சுக்கு. இருபுறமும் அச்சிட்டால் இரண்டுமே தளரும்.

இருபது பக்கப் பொறியை வாங்கினான். மிஞ்சிய பணத்தில் ஒரு சோடிக் காப்பை மீட்கலாமென்று தங்கை எதிர்பார்த்திருந்தாள். அவனோ மேலதிக மைப்பெட்டிகள் இரண்டை வாங்கி வந்துவிட்டான். ஆலோசனை என்னுடையது என்பதால், அவள் இன்னும் என்னோடு சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை.