வெள்ளமும் வெல்லமும்

சென்ற மழைக்காலத்து மாலையொன்றில், சத்தியமங்கலத்தில் நம்மிடம் ஓத வரும் மூன்றாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் பவானியாற்றில் நீர் பெருகிய செய்தியைக் கூறினான். படித்துறை மூழ்கியதையும், மிதந்து வந்த தென்னை மட்டையைப் பிடிக்கப் போய் அவன் மாமா வழுக்கி விழுந்ததையும் அவன் சொன்ன அழகில், நாம் கிதாபை மூடி வைத்துவிட்டுக் கேட்டோம். "இதை அப்படியே உன் அத்தாவுக்கு எழுது" என்றோம். தந்தை சவூதியில் இருக்கிறார். அரை மணி நேரம் கழித்து அவன் நீட்டிய தாளில் இரண்டே வரிகள். அவற்றுள் ஒன்று: "ஆற்றில் வெல்லம் வந்தது."

கவுந்தப்பாடிச் சந்தைக்கு வெல்லம் வருவதுண்டு. பவானியில் வந்ததாகக் கேள்வியில்லை. நாம் சிரித்தோம். சிரித்ததோடு நில்லாமல் சிவப்பு மையால் ஆறு இடங்களில் சுழித்தும் கொடுத்தோம். மறுநாள் முதல் பையன் எழுதுகோலைத் தொட மறுத்துவிட்டான். "வாயாலயே சொல்லிடறேனுங்க ஹஜ்ரத்" என்பான். முப்பதாண்டு ஓதிக்கொடுத்தவர் செய்த பிழை அது.

எழுத்துருவை நினைவுகூர்வதிலேயே குழந்தையின் கருத்து முழுவதும் செலவாகிவிட்டால், சொல்ல வந்தது எங்ஙனம் தாளில் இறங்கும்? நம் எழுத்தும் எளிதன்று. 'கெ' என்பதில் மெய்யொலி முன்னும் உயிரொலி பின்னுமாகக் காதில் விழுகிறது. கையோ கொம்பை முதலில் எழுத வேண்டும். 'கொ' என்றால் இருபுறமும் காவல். நெடிலுக்குச் சுழித்த கொம்பைத் தந்தவர் வீரமாமுனிவர். அதற்கு முன் எகர ஏகாரங்களைப் பிரித்தறியப் பெரியவர்களே இடர்ப்பட்டிருக்கின்றனர். நம் பிள்ளைகளுக்கோ காலையில் வலமிருந்து இடமாக அலிஃப், பே. பள்ளிக்கூடத்தில் இடமிருந்து வலமாக அ, ஆ. அரபுத்தமிழில் மட்டுமே படிக்கத் தெரிந்த பாட்டிமார் வாழ்ந்த வீடுகள் நம்முடையவை. இரண்டு எழுத்து நமக்குப் புதிதன்று. ஆனால் பழகுவதற்கு அவகாசம் வேண்டும்.

எட்டு வயதுக்குள் பிழையின்றி எழுதப் படிக்க வைப்பதை நோக்கமாகக் கொண்டு 2022இல் தமிழக அரசு 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தொடங்கியது. பள்ளி செய்வதைச் செய்யட்டும். நம் பங்குக்கு நாம் மக்ரஜை எடுத்துக்கொண்டோம். காஃபை மாற்றி ஓதினால் 'இதயம்' எனும் சொல் 'நாய்' ஆகிவிடும் என்று அஞ்சி, அடிநாவில் பிறப்பதையும் அதற்கு முன்னே பிறப்பதையும் நாள்தோறும் ஓதிப் பழக்குகிறோம். அதே நாவைத் தமிழுக்கு ஏன் பழக்கவில்லை? தொல்காப்பியர் பிறப்பியல் என ஓர் இயலே வகுத்திருக்கிறாரே! லகரத்துக்கு நாநுனி பல்லடியில்; ளகரத்துக்கு நா மடிந்து மேலண்ணத்தில். சொல்லிக்கொண்டே எழுத வைத்தோம். முதலில் மணற்பலகையில் விரலால் ட, ப, ம. பிறகு இரட்டைக்கோட்டு நோட்டில் வ, ல, ள. நாளுக்குப் பத்து நிமிடம், அதற்குமேல் இல்லை. தன் கதையை எழுதும் நேரத்தில் பிழை பார்ப்பதில்லை என்றும் வாக்களித்தோம். சிவப்பு மைப் பேனா மேசை அறைக்குள் போயிற்று.

இரண்டு மாதம் சென்றது. ஒருநாள் அவனாகவே ஒரு பக்கம் எழுதி வந்தான். படித்துறை இருந்தது, மட்டை இருந்தது. ஆற்றில் இம்முறை வெள்ளமே வந்தது. மாமா மட்டும் 'வளுக்கி' விழுந்திருந்தார். அதை அன்று நாம் தொடவில்லை. அப்படியே அலைபேசியில் படமெடுத்து அத்தாவுக்கு அனுப்பினோம்.