அப்பாவின் மாத்திரைக் கணக்கு

போன மாசம் 1ஆம் தேதி அப்பாவுக்கு 30 மாத்திரை வாங்கினோம். தினம் ஒன்று. 20ஆம் தேதி ராத்திரி சும்மா எண்ணிப் பார்த்தேன் (பி.காம் புத்தி!). 10 இருக்கணும். 16 இருந்தது. கணக்கு உதைத்தது.

அப்பாவுக்கு சி.எம்.எல் என்கிற ரத்தப் புற்றுநோய். சாப்பிடுவது இமாடினிப், 400 மில்லிகிராம். 2001-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்த மருந்து. கேட்டதற்கு, "உடம்பு நல்லாத்தானேடா இருக்கு? வயித்தைப் புரட்டுது, அதான் அப்பப்ப விட்டுட்டேன்" என்றார்.

மறுநாளே டாக்டரிடம் ஓடினோம். "நல்லா இருக்கறதே மாத்திரையாலதான். நோயை வளர்க்கிற புரதத்தை அது தினமும் அடக்கி வைக்கணும். விட்டு விட்டுப் போட்டா நோய் மறுபடி தலைதூக்கும்" என்றார். சாப்பாட்டோடு, ஒரு பெரிய டம்ளர் தண்ணீரும் குடித்தால் புரட்டல் குறையுமாம். ஒருநாள் மறந்தால் மறுநாள் இரண்டாகப் போடக்கூடாது. நாட்டு மருந்தானாலும் அவரைக் கேட்காமல் கூடாது.

இப்போது காலண்டரில் அப்பா டிக் அடிக்கிறார், ஞாயிறுதோறும் நான் தணிக்கை! நேற்றுவரை கணக்கு டாலி. அடுத்த வாரம் ரத்தப் பரிசோதனை. கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.

உங்கள் வீட்டிலும் யாராவது தினம் மாத்திரை சாப்பிட்டால், ஒருதரம் எண்ணிப் பாருங்களேன்.